வாடகை வீடு மாறுகிறீர்களா? எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் கட்டுவது

ஒரே ஊருக்குள் ஒரு வாடகை வீட்டிலிருந்து இன்னொரு வாடகை வீட்டுக்கு மாறும் குடும்பத்துக்காக எழுதியது இது. இரண்டு படுக்கையறை, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஒரு இரும்பு பீரோ, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, நேரத்துக்கு மாத்திரை போட வேண்டிய ஒரு பெரியவர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூட்டை கட்டுவதைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அது கூலிக்கு ஆள் வைத்தால் முடிகிற வேலை. திண்டாட்டம் வருவதெல்லாம் வரிசை தப்புவதால்தான்: தண்ணீர் வருகிறதா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்பது, பால் காய்ச்சுகிற அன்றைக்கே லாரியையும் வரச்சொல்வது, காபிப் பொடி எந்தப் பெட்டியில் என்று தெரியாமல் இருபது பெட்டிகளைப் பிரிப்பது. அதனால் வரிசைப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

1. முதலில் பணக் கணக்கு

பழைய வீட்டு அட்வான்ஸ் சாவி கொடுத்த பிறகுதான் கைக்கு வரும். புது வீட்டு அட்வான்ஸை அதற்கு முன்பே கொடுத்தாக வேண்டும். இடையில் சில வாரங்களுக்கு இரண்டு அட்வான்ஸும் உங்கள் பணமாகவே வெளியே கிடக்கும், கூடவே புரோக்கர் கமிஷன், வண்டிக்கூலி, ஏ.சி. கழற்றி மாட்டும் கூலி. வீடு பார்க்க இறங்குவதற்கு முன்பே இந்தத் தொகையைப் புரட்ட வழி இருக்கிறதா என்று பாருங்கள். "பழைய அட்வான்ஸ் வந்ததும் கொடுத்துவிடலாம்" என்று நினைத்து இறங்குபவர்கள்தான் கடைசி வாரத்தில் நகையை அடகு வைக்க ஓடுகிறார்கள்.

தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, இரு தரப்பும் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. ஆனாலும் ஐந்து மாதம், பத்து மாதம் கேட்கும் வீடுகள் இருக்கத்தான் செய்கின்றன. பேசிப் பாருங்கள், கேட்டால் சிலர் குறைக்கிறார்கள்.

பழைய ஒப்பந்தத்தை எடுத்து இரண்டு வரிகளை மட்டும் தேடுங்கள்: காலி செய்ய எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், பெயிண்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள். ஒரு மாத நோட்டீஸ் என்று இருந்தால் வாயால் சொல்லிவிட்டு, அன்றைக்கே வாட்ஸப்பிலும் ஒரு வரி போட்டுவிடுங்கள். தேதியோடு இருக்கட்டும், பின்னால் பேச்சு மாறாது.

2. நாள் குறிப்பது: பால் காய்ச்சும் நாள் வேறு, லாரி வரும் நாள் வேறு

ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாறக்கூடாது என்று பார்க்கும் குடும்பங்கள் நிறைய. நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அதன் விளைவு எல்லோருக்கும் உண்டு. ஆனிக் கடைசியிலும் ஆவணித் தொடக்கத்திலும் தை மாத முகூர்த்த நாட்களிலும் வண்டி கிடைக்காது, கிடைத்தாலும் கூலி ஏறியிருக்கும். முழுப் பரீட்சை முடிந்த ஏப்ரல், மேயிலும் இதே கதைதான். இந்த நாட்களில்தான் மாற வேண்டும் என்றால் வண்டியை இரண்டு வாரம் முன்பே பேசிவிடுங்கள். நாள் பார்க்காத வீடு என்றால் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை போதும், கூலியும் குறையும்.

பெரியவர்கள் குறித்துக் கொடுக்கும் நல்ல நேரம் பெரும்பாலும் விடியற்காலையாக இருக்கும். அந்த நேரத்துக்கே எல்லாச் சாமானும் போய்ச் சேர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சாமி படம், விளக்கு, குடத்தில் தண்ணீர், உப்பு, மஞ்சள், அரிசி, பருப்பு, ஒரு சின்ன அடுப்பு, பால் பாத்திரம் இவை மட்டும் ஆட்டோவில் போகட்டும். பாலைக் காய்ச்சிக் குடித்துவிட்டுப் பூட்டிவிட்டு வாருங்கள். லாரி இரண்டு மூன்று நாள் கழித்து வரலாம். இந்த இடைவெளியைத்தான் அடுத்த வேலைக்குப் பயன்படுத்தப் போகிறோம்.

3. காலியான புது வீட்டில் ஒரு மணி நேரம்

சாமான் வந்துவிட்டால் சுவரும் தரையும் தெரியாது. வீடு காலியாக இருக்கும்போதே மொபைலில் வீடியோ எடுங்கள். சுவர் விரிசல், உடைந்த டைல், கறை பிடித்த சிங்க், கதவின் கீழ் ஊறிப்போன பலகை எல்லாவற்றையும் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். காலி செய்யும் நாளில் "இது நீங்கள் உடைத்தது" என்ற பேச்சுக்கு அதுதான் பதில். மின் மீட்டரின் ரீடிங்கும் அதே வீடியோவில் இருக்கட்டும்.

தண்ணீரை மட்டும் இந்த நாள் வரை விட்டு வைக்காதீர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டிலும் கேளுங்கள். போர் தண்ணீரா, கார்ப்பரேஷன் தண்ணீரா, உப்பா, மோட்டார் யார் போடுவது, மே மாதத்தில் லாரித் தண்ணீர் வாங்க வேண்டியிருக்குமா, அந்தச் செலவை யார் கொடுப்பது. எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். ஒவ்வொன்றாகத் திறந்தால் எல்லாம் நன்றாகத்தான் வரும். குளிக்கும்போது சமையலறைக் குழாயைத் திறந்தால் ஷவர் சொட்டுகிறதா என்பதுதான் தெரிய வேண்டும்.

அடுத்தது பிளக் பாயின்ட். ஃப்ரிட்ஜ் வைக்கப்போகும் மூலையில் பாயின்ட் இருக்கிறதா? கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும் ஏ.சி.க்கும் பெரிய பிளக் செருகும் பவர் பாயின்ட் வேண்டும். இல்லையென்றால் எலக்ட்ரீஷியனை இப்போதே கூப்பிடுங்கள். சாமான் வந்த பிறகு கூப்பிட்டால், பீரோவை நகர்த்திவிட்டுத்தான் அவர் வேலையைத் தொடங்க முடியும்.

ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் வாசல் கதவு, படுக்கையறைக் கதவு, மாடிப்படித் திருப்பம் மூன்றையும் அளந்து வாருங்கள். பழைய வீட்டில் பீரோவையும் கட்டிலையும் அளந்துகொள்ளுங்கள். மாடிப்படித் திருப்பத்தில் பீரோவை நிறுத்திவிட்டு நான்கு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். அந்த இடத்தில் கூலி உயருமே தவிரப் பீரோ ஏறாது.

முடிந்தால் இப்போதே கழுவி, பரணைத் துடைத்து, ஷெல்ஃபுக்குப் பேப்பர் விரித்து, கரப்பானுக்கு மருந்து அடித்துவிடுங்கள். வாசல் பூட்டை மாற்றிவிடுவதும் நல்லது. முன்பு குடியிருந்தவர் எத்தனை சாவி போட்டு வைத்திருந்தார் என்று யாருக்குத் தெரியும்.

4. கட்டுவதற்கு வேண்டியவை

அட்டைப்பெட்டியைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். தெருமுனை அண்ணாச்சி கடையில் இரண்டு வாரம் முன்பே சொல்லி வைத்தால் பிஸ்கட் பெட்டி, சோப்புப் பெட்டி சேர்த்து வைப்பார். கண்ணாடி டம்ளர், பாட்டில் கட்டுவதற்கு டாஸ்மாக் அட்டைப்பெட்டியை மிஞ்ச ஆள் இல்லை, உள்ளே தடுப்பு இருக்கும். மாமியார் முகம் சுளித்தால் வெளியே பேப்பர் ஒட்டிவிடுங்கள்.

பெரிய பெட்டி கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டு அதில் புத்தகத்தை நிரப்பாதீர்கள், தூக்கவும் முடியாது, அடியும் பிய்ந்துவிடும். புத்தகத்துக்கும் மளிகைக்கும் சின்னப் பெட்டி, தலையணைக்கும் துணிக்கும் பெரிய பெட்டி. சக்கரம் வைத்த சூட்கேஸில் துணியைப் போடுவதைவிடப் புத்தகத்தைப் போடுவது புத்திசாலித்தனம்.

இவை போக அகலமான டேப் நான்கைந்து உருளை, நைலான் கயிறு, சாக்கு, தடித்த மார்க்கர் பேனா. பாத்திரத்துக்கு நடுவே வைக்கப் பழைய புடவை, வேட்டி, போர்வை. எப்படியும் அதையும் கொண்டுபோகத்தானே வேண்டும், தனியாக எதற்குக் கட்டுவது?

5. கட்டும் வரிசை

புதியவர்கள் சமையலறையில்தான் ஆரம்பிப்பார்கள், அங்கேதான் சாமான் அதிகம் என்பதால். மூன்றாம் நாளே கரண்டி இல்லாமல் ஹோட்டலில் வாங்க ஆரம்பிப்பார்கள். சமையலறை கடைசி.

முதலில் பரண். அங்கே இருப்பதை வருஷம் பூராவும் யாரும் தொடவில்லை, அதனால் கட்டிவிட்டாலும் யாரும் தேடப்போவதில்லை. கொலு பொம்மை, பித்தளை அண்டா, பழைய மிக்ஸி எல்லாம் அங்கேதான் இருக்கும். இந்தக் கட்டத்தில்தான் கழிக்க வேண்டியதைக் கழிக்க வேண்டும். எது வேண்டாம் என்பதில் வீட்டில் சண்டை வரும், வரட்டும். லாரியில் ஏற்றிய பிறகு வருவதைவிட இப்போது வந்தால் நல்லது, பழைய இரும்புக்காரரும் இந்தத் தெருவிலேயே கிடைப்பார்.

அடுத்து புத்தகம், ஷோகேஸ், பண்டிகைக்கு மட்டும் கட்டும் பட்டுப்புடவைகள். அப்புறம் அன்றாடத் துணி. பிறகு பீரோ. பீரோவைத் துணியோடு தூக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு, கேட்காதீர்கள். எடையில் சட்டம் கோணினால் கதவு பூட்டாது. மளிகைச் சாமானைக் கடைசி மாதத்தில் குறைத்து வாங்குங்கள். இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை வாங்கி வைத்துவிட்டு அதையும் தூக்கிக்கொண்டு போவானேன்?

பெட்டியின் மேல் எழுதும்போது புது வீட்டில் எந்த அறைக்குப் போகிறது என்று எழுதுங்கள். "ஹால் அலமாரி" என்று எழுதினால் அது பழைய வீட்டு ஹாலா, புது வீட்டு ஹாலா என்று இறக்குபவர் கேட்பார், கேட்காவிட்டால் இன்னும் மோசம். எழுத்து பக்கவாட்டில் இருக்க வேண்டும். மேல் மூடியில் எழுதினால் அடுத்த பெட்டி அதை மறைத்துவிடும்.

கட்டில் கழற்றும்போது போல்ட், நட்டு எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு அந்தக் கட்டில் சட்டத்திலேயே டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். "பத்திரமாக" வேறு இடத்தில் வைத்த நட்டுதான் கிடைக்காது. எந்தப் பலகை எதோடு சேரும் என்று சாக்பீஸால் இரண்டிலும் ஒரே எண்ணைப் போடுங்கள்.

ஊறுகாய் ஜாடியின் வாயில் பாலித்தீன் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டி, நிமிர்ந்தே இருக்கும்படி வாளிக்குள் வையுங்கள். எண்ணெய்த் தூக்கும் அப்படியே. கிரைண்டரில் கல்லை வெளியே எடுத்துத் தனியாகச் சாக்கில் சுற்றுங்கள். உள்ளேயே விட்டால் வண்டி குலுங்கும்போது பாத்திரம் நெளியும்.

6. முதல் நாள் பை

இது ஒரே ஒரு பை, ஒரு வாளி. லாரியில் ஏறக்கூடாது, உங்களோடு வர வேண்டும்.

வாளிக்குள்: மக், சோப்பு, துடைப்பம், தரை துடைக்கும் துணி, கொசு பேட். பைக்குள்: காபிப் பொடி, சர்க்கரை, உப்பு, பால் பாத்திரம், வடிகட்டி, நான்கு டம்ளர், லைட்டர், கூடவே தீப்பெட்டி, கத்தி, கத்தரிக்கோல், ஸ்க்ரூடிரைவர், டெஸ்டர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், இரண்டு பல்பு, சார்ஜர், சுத்தியல், ஆணி, கொடி கட்டக் கயிறு, ஆளுக்கு ஒரு செட் துணி, பிள்ளையின் பள்ளிப் புத்தகமும் யூனிஃபார்மும். பெரியவரின் மாத்திரை இந்தப் பையில்கூட வேண்டாம், அவர் கைப்பையிலேயே இருக்கட்டும், இரண்டு நாளுக்குச் சேர்த்து.

கத்தரிக்கோலை ஏன் சொல்கிறேன் என்றால், எல்லாப் பெட்டியையும் டேப் போட்டு ஒட்டியிருப்பீர்கள், பிரிக்கும் கத்தரிக்கோல் அந்தப் பெட்டிகளில் ஒன்றுக்குள் இருக்கும்.

நகை, பத்திரம், ஆதார், சர்ட்டிஃபிகேட், காசு இவை தனிப் பை. ஒரே ஆள் பொறுப்பு. "நீ வைத்திருக்கிறாய் என்று நினைத்தேன்" என்ற பேச்சுக்கே இடம் இருக்கக்கூடாது.

7. மின்சாரச் சாமான்கள்

ஃப்ரிட்ஜை முதல் நாளே அணைத்துவிடுங்கள். கதவைத் திறந்து வைத்து ஐஸ் முழுவதும் கரையட்டும், துடைத்துக் காய வையுங்கள். பல மாடல்களில் பின்பக்கம் கம்ப்ரசருக்கு மேலே ஒரு சின்னத் தட்டு இருக்கும், கரைந்த தண்ணீர் அதில்தான் தேங்கும். அதைக் காலி செய்யாமல் சாய்த்தால் நாற்றமடிக்கும் தண்ணீர் தூக்குபவர் சட்டையில் கொட்டும். நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் படுக்க வைத்தால் கம்ப்ரசரில் உள்ள எண்ணெய் குழாய்க்குள் போய்விடும். வழியில்லாமல் படுக்க வைத்திருந்தால், புது வீட்டில் நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரமாவது கழித்துத்தான் ஆன் செய்ய வேண்டும்.

முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினுக்கு, வாங்கியபோது பின்னால் நீளமான போல்ட்கள் கழற்றிக் கொடுத்திருப்பார்கள். டிரம் ஆடாமல் பிடிப்பதற்கானவை அவை. பத்திரமாக வைத்திருந்தால் திரும்ப மாட்டுங்கள், புது வீட்டில் கழற்றாமல் ஓட்டிவிடாதீர்கள். ஹோஸிலும் கீழ் ஃபில்டரிலும் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள்.

ஏ.சி.யைக் கழற்ற லாரி நாளன்று ஆள் கூப்பிட்டால் காத்திருந்தே நேரம் போகும். முதல் நாளே வரச்சொல்லுங்கள். கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் பூட்டிவிட்டுத்தான் பைப்பைக் கழற்ற வேண்டும். அதைச் செய்யாமல் நேராக ஸ்பேனரை வைத்தால், மாட்டும்போது கேஸ் நிரப்பவும் சேர்த்துக் கூலி கொடுப்பீர்கள்.

இன்வெர்ட்டரை அணைத்து பிளக்கை எடுத்துவிட்டு, பேட்டரியில் முதலில் மைனஸ் வயர், பிறகு பிளஸ். பேட்டரி சாயக்கூடாது, ஆசிட் கசியும். டி.வி., வைஃபை பெட்டிக்குப் பின்னால் இருக்கும் வயர்களைப் பிடுங்குவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் போதும்.

8. வண்டி பேசுவது, ஏற்றுவது

குட்டி யானை இரண்டு நடை அடிக்கலாமா, பெரிய வண்டி ஒரே நடையா என்பது தூரத்தைப் பொறுத்தது. இரண்டு தெரு தள்ளி என்றால் குட்டி யானை போதும். தூரம் என்றால் பெரிய வண்டிதான், இரண்டாம் நடைக்குள் இருட்டிவிடும்.

போனில் பேசும்போதே சொல்ல வேண்டியவை: இரண்டு வீடும் எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, வண்டி வாசல் வரை வருமா, பீரோ எத்தனை, ஏற்றுக் கூலியும் இறக்குக் கூலியும் சேர்த்தா தனியா. மாடி விஷயத்தை மறைத்தால் இறக்கும்போது தகராறு நிச்சயம். அபார்ட்மென்ட் என்றால் சங்கத்தில் முன்பே கேளுங்கள், சில இடங்களில் லிஃப்டில் சாமான் ஏற்றக் குறிப்பிட்ட நேரம் உண்டு.

கனமானவை கேபின் பக்கம் முதலில் ஏறும்: ஃப்ரிட்ஜ், பீரோ, மெஷின். இடையில் மெத்தை. பிறகு பெட்டிகள். செடித்தொட்டி கடைசி, அதற்கு முந்தின நாள் தண்ணீர் ஊற்றாதீர்கள், எடை கூடும். கேஸ் சிலிண்டரை ரெகுலேட்டர் கழற்றி, மூடி போட்டு, நிமிர்த்தித் தனியாகக் கட்ட வேண்டும்.

ஒருவர் பழைய வீட்டில் கடைசிச் சாமான் ஏறும் வரை நிற்க வேண்டும், இன்னொருவர் புது வீட்டில் முன்பே இருக்க வேண்டும். பிள்ளையையும் பெரியவரையும் அன்றைக்குச் சித்தி வீட்டுக்கோ அத்தை வீட்டுக்கோ அனுப்பிவிடுங்கள், சாயங்காலம் வந்தால் போதும்.

9. இறக்கும்போது

கடைசியில் ஏறிய பெட்டிகள்தான் முதலில் இறங்கும். இறக்குபவர்கள் அதை ஹால் நடுவில் அடுக்கிவிடுவார்கள், பின்னால் வரும் பீரோவுக்கு வழி இருக்காது. அதனால் புது வீட்டில் இருப்பவர் வாசலில் நின்று, பெட்டி எல்லாம் அந்தந்த அறையின் ஓரச் சுவரை ஒட்டிப் போகட்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பீரோ, கட்டில், ஃப்ரிட்ஜ் இடம் சேர்ந்த பிறகே கூலியை முழுதாகக் கொடுங்கள். பீரோ கதவு உரசினாலோ பூட்டு விழவில்லை என்றாலோ தரை சமமாக இல்லை என்று அர்த்தம், ஒரு காலுக்கு அடியில் மடித்த அட்டையைக் கொடுத்தால் சரியாகிவிடும்.

அன்று இரவுக்குள் தேவை மூன்றே: ஒரு கட்டிலாவது மாட்டியிருக்க வேண்டும், குளியலறை புழங்க வேண்டும், அடுப்பு எரிய வேண்டும். சிலிண்டரை மாட்டியதும் சோப்பு நுரையை ரெகுலேட்டரிலும் ட்யூப் முனையிலும் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. ட்யூபின் மேல் தேதி அச்சடித்திருக்கும், ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். சாப்பாட்டை வெளியே வாங்கிக்கொள்ளுங்கள், முதல் ராத்திரியே ரசம் வைக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது.

10. பழைய வீட்டை ஒப்படைப்பது

லாரி போனதும் கதையை முடித்துவிடாதீர்கள். மறுநாள் ஒரு முறை போய்ப் பரண், குளியலறைக் கதவின் பின்பக்கம், மொட்டைமாடிக் கொடி, லெட்டர் பாக்ஸ் நான்கையும் பாருங்கள். விட்டுப்போவது எப்போதும் இந்த இடங்களில்தான். பெருக்கிவிட்டு வீடியோ எடுங்கள், மீட்டரையும் சேர்த்து.

மின் கட்டணத்தில் ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, யூனிட் கூடக்கூட விலையும் ஏறும். நடுவில் காலி செய்தால், அடுத்து வருபவர் ஓட்டும் ஏ.சி. உங்கள் பங்கையும் மேல் விலைக்குத் தள்ளிவிடும். அதனால் "பில் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடாமல், அன்றைய ரீடிங்கில் எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்று பார்த்து, மின்வாரிய இணையதளத்தில் உள்ள கணக்கீட்டில் போட்டுத் தொகையை அங்கேயே தீர்த்துவிடுங்கள். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் வீடுகளில் இந்தச் சிக்கல் இல்லை.

சாவியும் அட்வான்ஸும் ஒரே நேரத்தில் கைமாறுவதுதான் நல்லது. பாக்கி வைத்தால் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று எழுதி வாங்குங்கள். பெயிண்டிங் என்று பிடிப்பதை ஒப்பந்தத்தில் உள்ள வரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

11. முகவரி மாற்றம்

கையில் புது ஒப்பந்தம் வந்ததும் முதலில் ஆதார். ஆதாரில் முகவரி மாறிவிட்டால் வங்கிக்கும் மற்றவற்றுக்கும் அதையே காட்டலாம். எந்த ஆவணம் செல்லும் என்ற பட்டியல் ஆதார் இணையதளத்திலேயே இருக்கும், ஒப்பந்தம் எழுதும் முன்பே அதைப் பார்த்துவிட்டால் இரண்டாம் முறை எழுத வேண்டியிருக்காது. ரேஷன் கார்டுக்குப் பொது விநியோகத் திட்ட இணையதளத்தில் முகவரி மாற்றம் உண்டு. வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8.

கேஸுக்கு, புது வீடு அதே ஏஜென்சியின் எல்லைக்குள் இருந்தால் முகவரியை மட்டும் மாற்றினால் போதும். வேறு ஏஜென்சி என்றால் இணைப்பையே மாற்றிக்கொள்ள வேண்டும். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், சிலிண்டர் தீர்ந்த அன்றைக்குப் புக் செய்தால் அது பழைய வீட்டு வாசலுக்குத்தான் போய் நிற்கும்.